நோகுது

காவாங்கரை நகர்நல மையத்தில்
திங்களும் வியாழனும் எனக்குச் சளி டப்பா டூட்டி.
விடிந்ததும் பல் விளக்குமுன் காறித் துப்பி
இறுக்க மூடி, பேர் எழுதிக்
கொண்டுவந்து வைக்க வேண்டும்.

பேர் எழுதாமல் வந்தது ஒன்று.

ஜிஎன்டி ரோட்டு லாரிப் புழுதி
ஜன்னலைத் தாண்டி ரிஜிஸ்டரில் படிகிற நேரம்.
விரலெல்லாம் காய்ந்த பெயின்ட்,
புருவத்தில் வெள்ளை பிரைமர்,
முப்பதா நாற்பதா தெரியாத ஆள்.
எத்தினி நாளா இருமல்?
மூன்று விரல் காட்டினான்.
வாரமா, மாசமா?
அதற்கும் மூன்று விரல்.
வாய் பேச வராது என்று எழுதப் போனேன்.

டாக்டர் முதுகில் ஸ்டெத்தை வைத்து
எங்கப்பா வலிக்குது என்றார்.
உதடு அசைந்தது.
வலி... வலிக்...
வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைபோல
அந்த ஒரு சொல்லை
வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருக்கிறான்.
அதற்குள் இருமல் புரட்டிப் போட்டது.
பின்னாலேயே வந்து விழுந்தது:
‘நெஞ்சு நோகுது ஐயா.’

டாக்டருக்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.
அவன்தான் வாயைப் பொத்திக்கொண்டான்
ரத்தம் வந்தவனைப் போல.

ரத்தமும் வந்தது. அது அடுத்த வாரம்.

சாயங்காலம் பெண்சாதி வந்தாள், சுகிர்தா.
முகாமில் பிறந்தவள்.
அவள் பேர் பதிவேட்டில் இருக்கிறது,
இரண்டு பிள்ளைகளின் பேரும்.
செக்கிங் நாளில் வரிசையில் நின்று
தலையை எண்ணக் கொடுப்பார்கள்.
அவன் பிந்தி வந்தவன். ராத்திரிப் படகு.
எண்ணுகிற நேரத்தில்
மாதவரத்தில் யார் வீட்டுச் சுவரிலோ
சாரத்தின்மேல் நிற்பான்.
‘கதைச்சாப் பிடிபட்டிடுவன் எண்டு பயம் அக்கா.
பதியப் போனாக் கொண்டுபோயிடுவாங்கள்.’

கம்ப்யூட்டர் பன்னிரண்டு இலக்கம் கேட்டது.
தாண்டிப் போகப் பார்த்தேன்.
கட்டம் சிவந்துவிட்டது.
அவன் சளிக்கு லேப் ஒரு நம்பர் கொடுத்திருந்தது,
பக்கத்தில் இரண்டு பிளஸ்.
அந்த நம்பர் அங்கே செல்லாது.

எங்கப்பா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்.
கையில் ஒரு தாள், தாளில் ஒரு சீல்.
அந்தச் சீலுக்கு வியாசர்பாடியில் ஒரு வீடு கிடைத்தது.
ஸ்டான்லியில் நான் பிறந்தபோது
யாரும் எதுவும் கேட்கவில்லை.
பீச் ஸ்டேஷன் ஓரம் அத்தோ தின்று வளர்ந்தேன்,
அவ்வளவுதான் எனக்கும் அந்த ஊருக்கும்.
இதைச் சுகிர்தாவிடம் சொல்லவில்லை.
சொல்லி?

மாத்திரையை வேறொரு பேரில் எழுதினேன்.
யார் பேர் என்று இங்கேயும் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதம் வந்தான்.
எடை மூணரைக் கிலோ ஏறியது.
ஒருநாள் மையத்துக் கதவின் துருவைச் சுரண்டி
கேட்காமலே பச்சை அடித்துவிட்டுப் போனான்.
மூன்றாம் மாதம் யாரோ பெரிய இடத்து வருகை,
வாடகை வீடெல்லாம் சோதனை.
வியாழன் வரவில்லை.
திங்களும்.
போன் அணைந்திருந்தது.

பட்டை பட்டையாக மாத்திரையைக் கைப்பையில் போட்டு
வெயிலில் நடந்து போனேன்.
மணலிப் பக்கத்துப் புகை வாடை,
சாக்கடைமேல் பலகை,
கதவு பாதிதான் திறந்தது.
‘அவர் இஞ்ச இல்லை அக்கா.’
உள்ளே இருமல்,
தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு.

பதினேழு வருஷமாக இருமல் கேட்கிறேன்.
அது பெரிய ஆள் இருமல் இல்லை.

சுகிர்தா கதவை விட்டாள்.
மூத்தவள், மாநகராட்சிப் பள்ளிச் சீருடையில்,
ரிப்பன் அவிழ்ந்து தொங்க.
‘இவளுக்கு எல்லாம் இருக்கு,
அட்டை, நம்பர், எல்லாம்,’
அவசர அவசரமாக ஒரு பிளாஸ்டிக் கவரைத் தேடினாள்.
நான் டப்பாவைத் திறந்து
பிள்ளைமுன் குந்தினேன்.
எங்கம்மா?

அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டி
எங்கள் தெருப் பிள்ளைபோலவே சொன்னாள்,
துளி தடங்காமல்:
‘இங்க வலிக்குது ஆன்ட்டி.’